ஆண்டவர் வழியாகப் பேசிய வீடு

தெருவிளக்கு எரிய ஆரம்பித்ததும் அந்த வீட்டில் டிவியை அணைத்துவிட்டு, சுவரோரம் கிடக்கும் நாற்காலிகளை இழுத்து வட்டமாகப் போடுவார்கள். குடும்ப ஜெபம். காய்ச்சல் என்றாலும் கணக்குப் பரீட்சை என்றாலும் விலக்கு கிடையாது. விருந்தாளி யாராவது வந்து மாட்டிக்கொண்டால் அவருக்கும் ஒரு நாற்காலி விழும். அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டில் சின்னவளுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம், பிள்ளைகள், காதோரத்து நரை எல்லாம் ஆகிவிட்டது. ஆனாலும் சாயங்கால வேளையில் எங்காவது நாற்காலி தரையில் உரசினால் மனசு விறுவிறுவென்று அந்த மாடி வீட்டுப் படியேறிவிடும். அந்த வீட்டில்தான் அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு வருஷத்துக்கு மேல், ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு நாள்கூட ஜெபத்தை விடாமல், குடித்தனம் நடத்தினார்கள்.

அப்பா லிப்ட் மெக்கானிக். ஊரில் உயரமான கட்டடம் எதைக் காட்டினாலும், "அதோட வயித்துக்குள்ள நான் போயிட்டு வந்திருக்கேன்" என்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டார்ச், லிப்ட் கதவைத் திறக்கும் சாவி, கிரீஸ் துடைக்க ஒரு பழந்துணி. லிப்ட் எந்தச் சுருதியில் முனகுகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டே பழுது எங்கே என்று பாதி கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காது வாரநாட்களில் லிப்டுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கு. சபையின் பாடகர் குழுவை நடத்தியவர் அவர்தான்.

அம்மா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். பேச்சு குறைவு. ஆனால் பாட ஆரம்பித்தால் பின்வரிசையில் தூங்குகிற பெரியவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். "நான் முதல்ல உங்க அம்மா குரலைத்தான் கட்டிக்கிட்டேன். ஆளு அப்புறம் கூடவே வந்தா" என்று அப்பா சொல்லுவார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அதெல்லாம் சண்டைக்கு முன்னால்.

அந்த வருஷம் சபையின் ஆண்டு விழாவுக்காக அப்பா சொந்தமாக ஒரு பாட்டு எழுதினார். வாழ்க்கையில் அவர் எழுதிய ஒரே பாட்டு. மாசக்கணக்கில் அதே நினைப்பு. பல் தேய்க்கும்போது தாளம், செருப்பு மாட்டும்போது தாளம். நடுவில் அம்மா தனியாகப் பாடுகிற ஒரு பகுதி இருந்தது. அதை அவள் குரலுக்கென்றே அளவெடுத்துத் தைத்தமாதிரி எழுதியிருந்தார். வேறு ஊர்ச் சபைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வரப்போகிறார்கள் என்று அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முந்தின நாள் மத்தியானம் அம்மா ஒத்திகைக்கு முன்னாலேயே போய்விட்டாள். சட்டை மாற்றிக்கொள்ள வீட்டில் நின்ற அப்பாதான் போனை எடுத்தார். பேசியது அம்மாவின் தம்பி. ஊரில் தாத்தாவுக்கு, அம்மாவின் அப்பாவுக்கு, ரொம்ப முடியவில்லை, அக்காவை உடனே கிளம்பி வரச் சொல்லுங்கள் என்றார். இராத்திரி ரயிலைப் பிடித்தால் விடிகிற நேரத்துக்குப் போய்விடலாம். "சொல்லிடறேன்" என்று அப்பா போனை வைத்தார்.

சொல்லவில்லை.

மறுநாள் அம்மா பாடினாள். அப்படி ஒரு பாட்டை அவள் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை என்று சபையில் பேசிக்கொண்டார்கள். கைதட்டல் ஓய்ந்து, எல்லோரும் வெளியே வந்து கை குலுக்கிக்கொண்டிருந்தபோது போதகரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள். போதகர் வீட்டுக்குப் போன் வந்திருந்தது. தாத்தா மத்தியானமே போய்விட்டார்.

"திடீர்னா?" என்றாள் அம்மா. "ஒரு தகவல்கூட இல்லையே."

அப்பா பக்கத்தில்தான் நின்றார். "நேத்து போன் வந்துச்சு. பாட்டு முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னுதான்..."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்தேவா?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அவள் அவரிடம் வாய் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்து ஊர் திரும்பியதும் அப்பா விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். சமையலறை வாசலில் நின்று சொன்னார், துணி உலர்த்துகிற இடத்தில் நின்று சொன்னார். "நான் என்ன கெட்ட எண்ணத்துலயா மறைச்சேன்? உங்க அப்பாவுக்கு முடியாம போறதும் தேறி வர்றதும் வழக்கம்தானே. நீ மாசக்கணக்கா உழைச்சது வீணாப் போகக் கூடாதேன்னு, உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்." அம்மா துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். சுவருக்குச் சொன்னாலாவது எதிரொலி வரும். கொஞ்ச நாளில் அப்பாவுக்கும் ரோஷம் வந்து அவரும் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் ஜெபம் நிற்கவில்லை. ஊரிலிருந்து திரும்பிய அன்றைக்கே, தெருவிளக்கு எரிந்ததும், அம்மாதான் முதல் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணன் பெரியவனும் சின்னவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனுஷன் மேல் இருந்த கோபத்தை அம்மா ஆண்டவர் மேல் காட்டவில்லை என்பது சின்னவளுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

பேசாமல் எத்தனை நாள் குடித்தனம் பண்ண முடியும்? வீடு என்றால் ஆயிரம் இருக்கும். ஒருநாள் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமான கனத்த குரலில் ஆரம்பித்தார்.

"பரலோகப் பிதாவே, உமக்கு ஸ்தோத்திரம். நாளைக்கு அடியேன் தூரத்துக் கட்டடத்துக்கு வேலைக்குப் போகிறபடியால், விடியற்காலமே என்னை எழுப்பிவிட இந்த வீட்டாருக்கு நல்ல மனதைத் தந்தருளும்."

அடுத்து அம்மாவின் முறை.

"அன்பின் ஆண்டவரே, எழுப்புகிறவர்களுக்கும் தூக்கம் உண்டு என்பதை நீர் அறிவீர். அலாரம் என்ற ஒன்றைக் கண்டுபிடிக்க மனுஷனுக்கு ஞானம் கொடுத்ததற்காக உமக்கு ஸ்தோத்திரம்."

பெரியவன் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் குனிந்துவிட்டான். பார்த்தால் மனம் உருகி அழுகிற மாதிரி இருந்தது.

அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான். வீட்டு விவகாரம் முழுக்க மேலே போய்த்தான் கீழே இறங்கியது. "சமையல் கேஸ் தீருகிற தறுவாயில் இருக்கிறது, தெரிய வேண்டியவர்களுக்கு நீரே தெரியப்படுத்தும்" என்று அம்மா வேண்டிக்கொண்டால் மறுநாள் சிலிண்டர் வந்து நிற்கும். "கர்த்தாவே, நீல நிறச் சட்டையில் பித்தான் இல்லாத நிலைமையை உம்முடைய சமுகத்தில் வைக்கிறேன்" என்று அப்பா முறையிட்டால், மறுநாள் காலையில் சட்டை பித்தானோடு ஆணியில் தொங்கும். பித்தான் மட்டும் வேண்டுமென்றே வேறு நிறத்தில் இருக்கும்.

பிள்ளைகளுக்கு இது ஒருவகையில் வேட்டைதான். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அறிவித்தபோது சின்னவள் அப்பாவிடம் போய், "அம்மா சரின்னுட்டாங்க" என்றாள். அம்மாவிடம் போய், "அப்பா சரின்னுட்டாரு" என்றாள். இருவரும் தலையாட்டிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அப்பா ஜெபத்தில், "பிள்ளையைச் சுற்றுலாவுக்கு அனுப்ப இதன் தாய்க்கு நீர் கொடுத்த தாராள மனதுக்காக நன்றி சொல்லுகிறோம்" என்று சொல்லி வைத்தார்.

சின்னவள் மெதுவாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். எதிரே அம்மாவும் ஒரு கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவரே," என்று அம்மா தன் முறை வந்ததும் நிதானமாக ஆரம்பித்தாள், "பொய் சொல்லுகிற நாக்கை நீர் அருவருக்கிறீர். இந்த வீட்டில் அப்படிப்பட்ட நாக்கு ஒன்றோ இரண்டோ உண்டு. பெரியதை நீர் பார்த்துக்கொள்ளும். சின்னதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

சுற்றுலா போச்சு. அதைவிட, 'பெரியது' என்று சொன்னபோது அப்பாவின் முகம் போன போக்குதான் சின்னவளுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தமாதிரி ஒருமுறை சுருங்கி, கண்ணைத் திறக்காமலே இருந்தது.

சிரிப்புக்கெல்லாம் அடியில் இருந்தது என்ன என்று பிள்ளைகளுக்கும் தெரியும். கடைசியில் நால்வரும் சேர்ந்து, ஆண்டவர் தம் சீஷருக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லுவார்கள். பிறரை நாங்கள் மன்னிக்கிறோம் என்று வருகிற இடத்தில் மட்டும் அம்மாவின் குரல் நின்றுவிடும். மற்ற மூன்று குரல்களும் அந்த வரியைத் தாண்டிப் போகும். அதற்கு அடுத்த வரியில் அம்மா வந்து சேர்ந்துகொள்வாள். நடந்து போகிறவர் ஒரு குழியைச் சுற்றிக்கொண்டு வருகிற மாதிரி.

சபையிலும் அப்படித்தான். திருவிருந்து நாளில் அப்பமும் திராட்சரசமும் வாங்க அவரவர் வரிசையாக எழுந்து முன்னால் மேசைக்குப் போவார்கள். அப்பா போவார், தலை குனிந்து திரும்பி வருவார். அம்மா மட்டும் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாடுகிறதையும் விட்டுவிட்டாள். சபையில் நாலு வாய் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஒன்று பேசினார்கள். கடைசியில் போதகரே வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், வட்ட முகம், எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டு நாற்காலி அவருக்குச் சின்னதாகத்தான் இருக்கும்.

"ஏம்மா, எவ்வளவு நாள் இப்படி? மன்னிக்கறது நம்ம கடமை இல்லையா?" என்றார்.

அம்மா அவர் முன்னால் டீயை வைத்தாள். "கடமைதான் ஐயா. இல்லன்னு சொல்லல. மனசுல இல்லாததை வாயில வெச்சுக்கிட்டு அந்தத் திருவிருந்து மேசைக்கு எப்படி வர்றது? எல்லார்கிட்டயும் நடிக்கலாம். அங்க நடிக்க எனக்குப் பயம்."

போதகர் கையில் எடுத்த டீயைத் திரும்பக் கீழே வைத்தார். "அவரு உங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரா?"

"நிறைய விளக்கம் சொன்னாரு."

அறைக்குள் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த சின்னவளுக்கு மன்னிப்புக்கும் விளக்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது தெரியவில்லை. போதகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து போனார். போகிற வழியில் படிக்கட்டில் அப்பாவைப் பார்த்து நெடுநேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று பெரியவன் வந்து சொன்னான். என்ன பேசினார் என்பது யாருக்கும் தெரியாது.

அப்படியே மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது. ஒருநாள் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண் இருக்கிறாள். இது அவருக்குத் தினசரி வேலை. மாட்டிக்கொள்கிறவர்கள் சிலர் கத்துவார்கள், சிலர் அழுவார்கள், ஒருத்தர் உள்ளேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். ஆனால் இந்தப் பெண் கதவை உள்ளேயிருந்து இரண்டு கையாலும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, பயப்படாதீங்க. காத்து வரும், ஒண்ணும் ஆகாது. இதோ இறக்கிடறேன்" என்றார் அப்பா கதவருகே வாயை வைத்து.

"எனக்கு பயமில்ல அண்ணே. மேல எங்க அப்பா இருக்காரு. கடைசி நேரம்னு சொல்லிட்டாங்க. சீக்கிரம் அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சீக்கிரம்."

அப்பா மொட்டைமாடி மிஷின் ரூமுக்குப் படிகளில் ஓடினார். அவர் அப்படி ஓடி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மெயின் சுவிட்சை அணைத்து, ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனைப் பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, லிப்டை இழுக்கிற மோட்டார்ச் சக்கரத்தைக் கையாலேயே சுற்றினார். கை சுற்றச் சுற்ற லிப்ட் விரல்கடை விரல்கடையாகத்தான் நகரும். அவசரப்பட்டால் நடக்கிற வேலை இல்லை. வழக்கமாக அவர் அந்த நேரத்தில் ஏதாவது ராகத்தை முணுமுணுப்பார். அன்றைக்கு அவர் காதில் கதவைத் தட்டுகிற சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தனை உயரத்தில் கேட்க வழியே இல்லை. ஆனாலும் கேட்டது.

லிப்ட் தளத்துக்கு நேராக வந்ததும் கீழே ஓடிவந்து சாவியைப் போட்டுத் திறந்தார். அந்தப் பெண் அவரை இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள். செருப்பு உள்ளேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அப்பாவும் மேலே போனார். வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். படுத்திருந்த பெரியவரின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவள் குனிந்திருந்தாள். பெரியவர் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார், மெதுவாக. அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்பா செருப்பை வாசலில் சேர்த்து வைத்துவிட்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் லிப்டைச் சரிபண்ண உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இன்னொரு ஆளை வரச்சொல்லி ஒப்படைத்துவிட்டு வெயிலோடு வீட்டுக்கு வந்தார். அவர் வேலையைப் பாதியில் விட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் நாற்காலிகள் போடப்பட்டன. பிள்ளைகள் முடித்தார்கள். அப்பாவின் முறை.

"பரலோகப் பிதாவே, உமக்கு ஸ்தோத்திரம்" என்றார். அப்புறம் சத்தமே இல்லை. கடிகாரம் ஓடுகிற சத்தமும், கீழே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற சத்தமும் கேட்டது. சின்னவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். அப்பா இரண்டு முழங்காலையும் கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு.

"நான் அவளுக்காகன்னு சொன்னேன் ஆண்டவரே. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். அது பொய். அவ போயிட்டா என் பாட்டை யாரு பாடுவா? அதுதான் என் கவலை. வெளியூர்லருந்து ஆளுங்க வர்றாங்க, எனக்குப் பேரு கிடைக்கும்னு இருந்தேன். அவ அப்பாவை நான்..."

ஜெபத்துக்கென்று இருக்கிற பாஷையை அவர் எங்கேயோ தவறவிட்டிருந்தார். சும்மா பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்றாள் அம்மா.

மற்ற மூன்று பேர் கண்ணும் திறந்துவிட்டது. அப்பா மட்டும் இன்னும் மூடிக்கொண்டிருந்தார்.

"கண்ணைத் திறங்க. அவர்கிட்ட சொன்னது போதும். அவர் எப்பவோ மன்னிச்சிருப்பாரு. மிச்சம் இருக்கறது நான்தான். எங்கிட்ட சொல்லுங்க."

அப்பா கண்ணைத் திறந்தார். ஒரு வருஷமாக அந்தக் கண்கள் அம்மாவின் முதுகைத்தான் பார்த்திருந்தன. இப்போது நேருக்கு நேர் பார்த்தார். பார்வையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னார். ஆண்டவரிடம் சொன்னதை மறுபடி அம்மாவிடம் சொன்னார். அது இரண்டாம் தடவைதான், ஆனால் இப்போதுதான் கஷ்டமாக இருந்தது என்று பார்க்கும்போதே தெரிந்தது.

"நான் பண்ணது தப்பு. உன் நல்லதுக்கில்ல. என் பெருமைக்கு. என்னை மன்னிச்சிடு."

பெரியவன் எழுந்து போகலாமா என்று தடுமாறினான். அம்மா கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"போன்ல தம்பி என்ன சொன்னான்? முழுசா சொல்லுங்க. ஒண்ணுவிடாம."

அப்பா தயங்கினார். அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் இன்னும் ஏதோ இருக்கிறது என்று சின்னவளுக்கே தெரிந்துவிட்டது.

"உங்க அப்பா பக்கத்துலதான் படுத்திருந்தாருபோல. தம்பி பேசிக்கிட்டிருக்கும்போதே அவர் குரல் கேட்டுச்சு. 'யாரு, பாப்பாவா?'ன்னு கேட்டாரு. தம்பி, 'இல்லப்பா, மாப்பிள்ளை'ன்னான். 'பாப்பாகிட்ட குடு'ன்னாரு. நான்..." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நான் போனை வெச்சிட்டேன்."

அம்மாவுக்கு அப்போதே ஐம்பதை எட்டிப்பிடிக்கிற வயசு. அவளை 'பாப்பா' என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். அடக்கத்தின்போதுகூட அவள் அப்படி அழுது பிள்ளைகள் பார்த்ததில்லை. அப்பா எழுந்து வந்தார், தொடலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரொம்ப நேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குரல் எப்படி இருந்துச்சு? இழுத்துச் சொன்னாரா, வெட்டிச் சொன்னாரா?"

அப்பாவுக்குத்தான் பொல்லாத காது ஆயிற்றே. ஒருமுறை கேட்ட சத்தம் அவருக்கு அழியாது. தாத்தாவின் தொனியிலேயே, கடைசி எழுத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, இளைத்த குரலில், "யாரு... பாப்பாவா?" என்று சொல்லிக் காட்டினார். தாத்தாவே அந்தக் கூடத்தில் வந்து கேட்டமாதிரி இருந்தது.

"இன்னொரு தடவை" என்றாள் அம்மா.

அவர் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இத்தனை நாள் இதை உள்ளயே வெச்சுக்கிட்டு இருந்தீங்களே" என்றாள். திட்டுகிற குரலும் இல்லை, திட்டாத குரலும் இல்லை. "எனக்கு இப்ப மன்னிக்க வரல. வந்துடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டுட்டேன். இனிமே பேசறேன்."

அன்றைக்கு நால்வரும் ஆறிப்போன சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார்கள். "உப்பு பத்தல" என்றார் அப்பா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "டப்பா கைக்கு எட்டற தூரத்துலதான் இருக்கு" என்றாள் அம்மா. பெரியவன் சின்னவளைக் காலால் இடித்தான். ஒரு வருஷத்தில் அவர்கள் இருவருக்கும் நடுவே ஆண்டவரைத் தொந்தரவு பண்ணாமல் நடந்த முதல் சாதாரணப் பேச்சு அதுதான்.

மறுநாளிலிருந்து ஜெபம் மளமளவென்று முடிய ஆரம்பித்தது. கேஸ் இல்லை, பித்தான் இல்லை, அலாரம் இல்லை. பெரியவன்கூட, "முன்ன மாதிரி சுவாரசியமே இல்ல" என்று முனகினான். அம்மா மட்டும் தன் முறை வந்தால் தினமும் ஒன்றைத் தவறாமல் சொல்லுவாள்: "மன்னிக்க எனக்கு மனசு கொடும் ஆண்டவரே. நான் முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன், என்னால் ஆகவில்லை." அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து அதைக் கேட்பார். தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்தும், தினமும், தலை குனிந்து, ஆமென் சொல்லுவார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று சின்னவளுக்குத் தனக்கு ஒரு கல்யாணம் ஆகி, தன் வீட்டில் ஒரு சண்டை வந்த பிறகுதான் உறைத்தது.

எந்த நாள் என்று நினைவில்லை, ஒரு திருவிருந்து ஞாயிறு. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அம்மா மடியிலிருந்த பையை எடுத்துச் சின்னவள் கையில் கொடுத்தாள். "பிடி" என்றாள். எழுந்து, முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு, அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் தோள் இரண்டும் குலுங்கியதைப் பின்வரிசைவரைக்கும் பார்த்தார்கள்.

அப்பா போய்ச் சில வருஷமாகிவிட்டது. அம்மா இப்போது பெரியவன் வீட்டில் இருக்கிறாள். பார்வை மங்கிவிட்டது, வாய் மட்டும் வயசாக ஆகக் கூடிக்கொண்டே போகிறது. போன மாசம் சின்னவள் பார்க்கப் போயிருந்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே கட்டில்வரைக்கும் வந்திருந்தது. அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அப்பாவை நீ நிஜமா எப்ப மன்னிச்ச? அவரு அழுதாரே, அன்னிக்கா?"

"அன்னிக்கு எங்க? அன்னிக்கு அழத்தான் நேரம் இருந்துச்சு."

"அப்ப திருவிருந்துக்குப் போனியே, அன்னிக்கா?"

"அன்னிக்குக் காலையில மன்னிச்சேன். சாயங்காலம் உங்க மாமா போன் பண்ணினான். அவன் குரலைக் கேட்டதும் திரும்ப எடுத்துக்கிட்டேன். அப்படித்தான்டி. கொடுக்கறதும் திரும்ப வாங்கிக்கறதுமா ரொம்ப நாள் போச்சு. இதை வெளிய சொல்ல வெக்கம். ஆண்டவருக்குத் தெரியும். அவருக்கு நான் புதுசா என்ன சொல்ல?"

"அப்புறம்?"

"அப்புறம் ஒருநாள் உங்க அப்பாவுக்குக் காய்ச்சல். சும்மா சாதாரணக் காய்ச்சல்தான். கஞ்சி குடிக்க மாட்டேன்னு அடம். எனக்குக் கோபம் வந்துடுச்சு. இந்த மனுஷனைத் திட்டறதுக்குப் பழசை எடுக்கலாம்னு உள்ள கையை விட்டா, அங்க ஒண்ணும் இல்லடி. எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியல. திட்டறதுக்கு வேற விஷயம் தேட வேண்டியதாப் போச்சு."

சின்னவள் சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அங்கே வெளிச்சம் தெரியும், மற்றது எல்லாம் நிழலாகத்தான் தெரியும்.

"கஞ்சி குடிச்சாரா?" என்று கேட்டாள் சின்னவள்.

"எங்க குடிச்சாரு? அதுலயும் உப்பு பத்தலையாம்" என்றாள் அம்மா. காலை இழுத்துக்கொண்டு, "அந்தக் காலு முடிஞ்சுது. இந்தக் காலைத் தேய். தைலத்தை இன்னும் கொஞ்சம் தாராளமாத்தான் போடேன்" என்றாள்.